ஜல்லி லாரிக்கும் மேரிக்கும் ஒரே ரோடு

முரளி,

நீ ரயில் ஏறிப் போனதிலிருந்து இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். கிளம்புவதற்கு முந்தைய நாள் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் உன் புது வேலையைப் பற்றி அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாய். உன் கம்பெனி நெடுஞ்சாலை போடும், போட்ட பணத்தைச் சாவடி வைத்து வண்டிகளிடம் வசூலித்துக்கொள்ளும், எந்த வண்டிக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் பிரிவில் உனக்கு இடம். "யார் யூஸ் பண்றாங்களோ அவங்க பே பண்ணட்டும்மா. சிம்பிள். இதைவிட நியாயமா வேற என்ன இருக்கு?" என்றாய். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். ஊருக்குப் போகிற பையனிடம் ஆரம்பிக்காதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். இப்போது நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று தெரிந்துவிட்டது. இனி என்னை யாரும் தடுக்க முடியாது. இதை நீ ஒளித்துவைத்துப் படிக்க வேண்டியதில்லை. உன் ரூமில் இருக்கும் பையன்களுக்குப் படித்துக் காட்டு. உன் மேலதிகாரிக்குத் தமிழ் தெரியுமென்றால் அவரிடமும் கொடு.

நாம் செம்பாக்கத்துக்குக் குடிவந்தபோது நீ நடக்கப் பழகிக்கொண்டிருந்தாய். நம் காலனியிலிருந்து வேளச்சேரி மெயின் ரோட்டுக்குப் போக அப்போது ஒரு வண்டிப்பாதைதான் இருந்தது. மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தச் சேற்றில் நடப்பேன். பஸ் ஸ்டாப்பை ஒட்டிய டீக்கடையில் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் காலைக் கழுவிக்கொண்டு, தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு டியூட்டிக்கு ஓடுவேன். ரோடு போட்டுக் கொடுங்கள் என்று பஞ்சாயத்து ஆபீஸில் எத்தனையோ மனு கொடுத்தோம். ஃபண்ட் இல்லை, நீங்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசாங்கத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றார்கள். அது சரியா தவறா என்று யோசிக்கக்கூட எங்களுக்குத் தெம்பு இல்லை. ரோடு வந்தால் போதும் என்று தலையாட்டிவிட்டோம்.

யார் எவ்வளவு கொடுப்பது என்று பேச காலனிச் சங்கம் கூடியது. பிள்ளையார் கோயிலுக்கென்று ஒதுக்கிய மனையில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தோம். சங்கத்தின் பிரசிடென்ட் ரிட்டயர்டு அக்கவுண்ட்ஸ் ஆபீசர். உன்னைப் போலவே அவருக்கும் எல்லாம் சிம்பிள். "ரோடு பார்த்த நிலம் எத்தனை அடியோ அத்தனை அடிக்குக் காசு. ஒருத்தருக்கும் பாரபட்சம் கிடையாது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். உன் அப்பாவும் தட்டினார். நம் வீடு மாதிரி மனை வாங்கிக் கட்டியவர்களுக்கெல்லாம் முகப்பு குறுகலாக, உள்ளே நீளமாக இருக்கும். ஆனால் காலனி வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருந்த மேரியின் குடும்பத்துக்குப் பாதையை ஒட்டியே நெடுக நிலம். அதில் ஓர் ஓட்டு வீடு, ஒரு முருங்கை மரம், மற்றதெல்லாம் வெறும் தரை. மேரி சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் தாஸ் கொத்தனார். பிரசிடென்ட் சொன்ன வழியில் பார்த்தால் காலனியிலேயே அதிகமாகக் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

மேரி பின்வரிசையிலிருந்து எழுந்து நின்றாள். "இன்னா சார் இது? எங்க வூட்ல சைக்கிள்கூட கெடயாது. ஸ்கூட்டர்ல போறவங்களைவிட நான் ஜாஸ்தி குடுக்கணுமா?"

"உன் நிலத்துக்குத்தானேம்மா மதிப்பு ஏறப் போகுது?"

"வித்தாதானே சார் மதிப்பு? வித்துட்டு நாங்க எங்க போறது? எம் மாமனார் பொறந்த மண்ணு இது."

யாரோ சிரித்தார்கள். சிரித்தவர் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம். கடைசியில் கையில் காசு இல்லாததால் அவர்கள் பங்குக்கு வேலை செய்து கழிக்கட்டும் என்று முடிவாயிற்று. மேரியும் தாஸும் ரோடு போட்ட நாட்களெல்லாம் கூலி இல்லாமல் ஜல்லி சுமந்தார்கள். கொதிக்கிற தாரை வாளியில் எடுத்துக்கொண்டு, காலில் சாக்கைச் சுற்றிக்கட்டிக்கொண்டு மேரி நடந்ததை நான் பஸ்ஸுக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். கணுக்காலில் தார் பட்டு வெந்த தழும்பு இன்றும் அவளுக்கு இருக்கிறது. அவள் சுமந்த ரோட்டில்தான் நீ சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாய்.

ரோடு பளபளவென்று இருந்தது. நாங்கள் சந்தோஷப்பட்ட காலம் ரொம்பக் குறைவு. பல்லாவரம் பக்கம் மலையை உடைத்து ஜல்லி ஏற்றிக்கொண்டு வரும் லாரிகள் அதற்குமுன் சுற்றிக்கொண்டு போகும். சிட்லபாக்கம் வழியாக உள்ளே புகுந்து நம் காலனி ரோட்டில் வெளியே வந்தால் நெரிசலும் இல்லை, வழியில் நிறுத்திக் கேட்பாரும் இல்லை என்று யாரோ ஒரு டிரைவர் கண்டுபிடித்துவிட்டான். அவ்வளவுதான். விடிந்தால் அடைந்தால் லாரி. லாரியின் பக்கப் பலகைக்கு மேலே கோபுரம் மாதிரிக் குவித்து ஏற்றியிருப்பார்கள். திரும்புகிற இடத்தில் கல் உருண்டு தெருவில் விழும். ஜன்னல் கண்ணாடி அதிரும். காயப்போட்ட துணியெல்லாம் வெள்ளைப் புழுதி. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் தார் எல்லாம் பெயர்ந்து, பழைய வண்டிப்பாதையே தேவலை என்று ஆகிவிட்டது. மாட்டு வண்டி போட்ட தடத்தில் கால் பதியும். லாரி போட்ட பள்ளத்தில் ஆளே உட்காரலாம்.

அப்படி ஒரு பள்ளத்தில்தான் உன் அப்பா விழுந்தார். கிண்டியில் வேலை முடிந்து சாயங்காலம் மழையில் வந்துகொண்டிருந்தார். தண்ணீர் நிரம்பி ரோடும் பள்ளமும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. ஸ்கூட்டரின் முன்சக்கரம் இறங்கி, வண்டி அவர் மேலேயே சாய்ந்துவிட்டது. மேரி வீட்டு வாசல் அது. சத்தம் கேட்டு அவளும் தாஸும் ஓடிவந்து, வீட்டுக் கதவைக் கழற்றி அதில் அவரைப் படுக்கவைத்து மெயின் ரோடுவரை தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆட்டோ எதுவும் அந்த ரோட்டுக்குள் வர ஒப்புக்கொள்ளவில்லை. தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். உன்னை மாம்பலத்தில் சித்தி வீட்டில் விட்டது அப்போதுதான். அப்பாவுக்குக் கால் அடிபட்டது என்று மட்டும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்த எதுவும் உனக்குத் தெரியாது. நீ திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

படுக்கையில் கிடந்தபடி அப்பா மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லுவார். "வண்டி வாங்கும்போது டாக்ஸ் கட்டினேன். பெட்ரோல் போடும்போதெல்லாம் டாக்ஸ் கட்டறேன். இந்த ரோட்டுக்குத் தனியா கையிலேர்ந்து வேற குடுத்தேன். எங்கேடி போச்சு அதெல்லாம்?" இந்தக் கேள்விக்கு உன் கம்பெனியில் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? ஒருவனிடம் ஒரே ரோட்டுக்கு மூன்று வாசலில் நின்று வாங்கிவிட்டு, நான்காவது வாசலில் நீ நிற்கப் போகிறாய். முதல் மூன்றில் வாங்கியது என்ன ஆயிற்று என்று சொல்லாமல் எப்படிக் கையை நீட்டுவாய்?

அப்பா கொஞ்சம் உட்காரத் தொடங்கியதும் சங்கத்தில் ஒரு யோசனை சொன்னார். இப்போது உன் வேலை என்னவோ அதேதான். ரோட்டின் வாயில் ஒரு சவுக்குக் கம்பைக் குறுக்கே போடுவது, லாரி ஒவ்வொரு நடைக்கும் காசு கொடுத்துவிட்டுப் போகவேண்டியது, அந்தக் காசில் பள்ளத்தை அடைப்பது. உடைக்கிறவன் கொடுக்கட்டும். நானும் ஆமாம் என்றேன். உன் வாதத்தை எதிர்க்கிறேன் என்று நினைக்காதே முரளி, அதில் பாதியை நானே வீட்டில் பேசியிருக்கிறேன். கம்பு போட்டார்கள், ஒரு காவலாளை உட்காரவைத்தார்கள், முதல் சில வாரம் காசும் வந்தது. செங்கல் கொட்டிப் பள்ளங்களை மூடினார்கள். இந்த யோசனை ஜெயித்துவிட்டது என்று அப்பா சுவரைப் பிடித்து நடந்துவந்து வாசலில் நின்று பார்ப்பார்.

பிறகு நடந்ததைக் கேள். பெரும்பாலான லாரிகள், கல்லை ஜல்லியாக உடைக்கும் கிரஷர் வைத்திருந்த ஒரே முதலாளியுடையவை. அவர் ஒருநாள் காரில் வந்து பிரசிடென்ட்டைப் பார்த்தார். ஒவ்வொரு நடைக்கும் நிறுத்திக் கொடுப்பது பேஜார், மாதத்துக்கு மொத்தமாக ஒரு தொகை தந்துவிடுகிறேன் என்றார். பிரசிடென்ட்டுக்கும் தலைவலி விட்டது. எத்தனை நடை, எவ்வளவு பாரம் என்று அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. லாரி வரும்போது காவலாள் தூரத்திலிருந்தே கம்பைத் தூக்கிவிடுவான். ஆனால் அந்தத் தொகை பள்ளம் அடைக்கப் போதவில்லை. அதனால் மற்றவர்களிடம் கேட்க ஆரம்பித்தார்கள். வைக்கோல் வண்டி, தண்ணீர் வண்டி, காய்கறித் தள்ளுவண்டி, பழைய பேப்பர்காரர் என்று வரிசையாக நிறுத்தினார்கள். கேட்டால் நீங்களும்தானே ரோட்டில் போகிறீர்கள் என்று பதில். யூஸ் பண்றவங்க பே பண்ணட்டும். உன் வாக்கியம்தான், வார்த்தைகூட மாறவில்லை.

அந்தச் சமயம் மேரி சித்தாள் வேலையை விட்டுவிட்டு, வாடகைக்கு ஒரு மூன்றுசக்கர வண்டி எடுத்து மீன் விற்றுக்கொண்டிருந்தாள். கம்பு போட்ட இடம் அவள் நிலத்தின் ஓரம். நான் காலை ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தேன். மதிய வெயில். அவளை நிறுத்திவைத்திருந்தார்கள். காவலாளுக்கும் பாவம் சொன்னதைச் செய்கிற வேலை, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். ஐஸ் கரைந்து வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேரி என்னைப் பார்த்ததும், "பாருக்கா இந்தக் கூத்த. எங்க வூட்டு வாசல்லேர்ந்து வெளிய போறதுக்கு எங்கைலேயே துட்டு கேக்கறான். இந்த ரோட்டுக்கு ஜல்லி சொமந்தவ நானு" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அவள் என்னிடம் பதில் கேட்கிற மாதிரி நின்றாள். அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு ஜல்லி லாரி ஹாரன் அடித்தது. காவலாள் மேரியின் வண்டியை ஓரமாகத் தள்ளச் சொல்லிவிட்டு, லாரிக்குக் கம்பைத் தூக்கினான்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு லாரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். பிரேக் போட்டான், ஜல்லி கொஞ்சம் சரிந்து விழுந்தது. டிரைவர் தலையை நீட்டினான். "இன்னாம்மா, வூட்ல சொல்லிகினு வந்தியா? மாசத்துக்குக் கட்டிகினுதான் கீறோம். ஓனரப் போய்க் கேளு."

"நீ எதுக்குப்பா இவ்வளவு ஏத்தறே? ரோடு தாங்குமா?"

"கம்மியா ஏத்துனா எனக்கு இன்னா கெடைக்கும்? நடைக்குதான் கூலி. எனக்கு மட்டும் ஆசையா இந்தப் பள்ளத்துல வுட்டு ஓட்டணும்னு?"

அவன் சொன்னதும் நியாயம்தான். ஆனால் நான் நகரவில்லை. மேரி வந்து என் பக்கத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்தாள். சத்தம் கேட்டு மற்ற வீட்டுப் பெண்கள் வந்தார்கள், நின்றவர்கள் பாதி, உட்கார்ந்தவர்கள் பாதி. பின்னால் லாரிகள் சேர்ந்துவிட்டன. பிரசிடென்ட் வியர்த்துக்கொண்டு ஓடிவந்தார். என்னிடம் பேசாமல், தடியை ஊன்றி மெல்ல வந்துகொண்டிருந்த உன் அப்பாவிடம் போனார். "சார், உங்க மிஸஸைக் கூட்டிட்டுப் போங்க. அசிங்கமா இருக்கு. இது உங்க ஐடியா சார், நீங்களே இப்படி விடலாமா?"

கம்பு அப்பாவின் யோசனை. அவர் காலை உடைத்த ரோட்டுக்கு அவர் கண்டுபிடித்த மருந்து. எல்லார் முன்னாலும் என்னை அழைத்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் கம்பைப் பார்த்தார், மேரியின் வண்டியைப் பார்த்தார், லாரியில் குவிந்திருந்த ஜல்லியை அண்ணாந்து பார்த்தார். "மாசத்துக்கு மொத்தமா வாங்கிக்கறதுன்னு நான் சொல்லலையே சார்" என்றார். பிறகு தாஸிடம் ஒரு நாற்காலி கேட்டார். தாஸ் கொண்டுவந்து போட, அதை லாரியின் பம்பருக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, நீட்டின காலை மடக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எங்கள் கல்யாணப் புகைப்படத்தில்கூட அவர் என் பக்கத்தில் அவ்வளவு கம்பீரமாக உட்கார்ந்ததில்லை.

போலீஸ் வந்தது, தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார், பொழுது சாயும்வரை பேச்சு. அந்தக் கிரஷர் முதலாளியும் வந்தார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. "அம்மா, நான் லாரிக்கு அதிகமா குடுத்தா ஜல்லி விலை ஏறும். ஜல்லி விலை ஏறினா வீடு கட்ற செலவு ஏறும். சுத்திச் சுத்தி உங்க தலையிலதான் வந்து விழும். அதுக்கா இவ்வளவு?" என்றார். கூட்டத்தில் பலர் அதுவும் சரிதானே என்று முணுமுணுத்தார்கள். அப்பா நாற்காலியிலிருந்தே பதில் சொன்னார். "ஏறட்டும் சார். வீடு கட்டறவன் குடுக்கட்டும். அவனுக்குத்தானே ஜல்லி வேணும்? கட்டாத மேரி எதுக்கு அவனுக்காகக் குடுக்கணும்?" முரளி, நெடுஞ்சாலைக்கு யார் கொடுப்பது என்பதைப் பற்றி நான் கேட்டதிலேயே தெளிவான வார்த்தை இதுதான். உன் அப்பா சொன்னது. அவரிடம் நீ விளக்கிக்கொண்டிருந்தாய்.

ஒப்பந்தம் ஆயிற்று. கிரஷர்காரர்கள் தங்கள் செலவில், லாரி தாங்கும்படி அடியில் கனமாகக் கல் போட்டு ரோட்டைத் திரும்பப் போடவேண்டும். பலகை மட்டத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் லாரி வரக்கூடாது. கம்பு எடுக்கப்பட்டது. பராமரிப்புக்கு வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும், வண்டிக்குத் தக்கபடி வருடா வருடம் கொடுப்பது என்று சங்கத்தில் மாற்றினோம். இதற்குப் பிரசிடென்ட் கையெழுத்துப் போட்டுவிட்டு ராஜினாமா செய்துவிட்டார். இந்த முறை ரோடு போட்டபோது மேரி கூலி வாங்கிக்கொண்டுதான் வேலை செய்தாள்.

கதை இங்கே முடிந்தால் எனக்குக் கோபமே இருக்காது. ரோடு போட்ட அன்று தேங்காய் உடைக்க எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? மழைநீர்க் கால்வாயில் மண் அடைத்துக்கொண்டபோது ஒருவர் வரவில்லை. தண்ணீர் தேங்கி ரோட்டின் ஓரம் அரித்தது. லாரியில் ஜல்லி பலகை மட்டத்தைத் தாண்டி மறுபடி மெல்ல உயர்ந்தது. வண்டி வைத்திருப்பவர்கள் தரவேண்டியதை முதல் வருடம் சிரித்துக்கொண்டு கொடுத்தார்கள், அடுத்த வருடம் முணுமுணுத்தார்கள், அதற்கடுத்து அப்பா வீடுவீடாகத் தடியை ஊன்றிப் போய் நிற்கவேண்டியிருந்தது. போடுவதற்கு ஒரு நாள் போதும், காப்பாற்றுவதற்கு ஆயுசு வேண்டும். ஆயுசுக்கும் யார் கொடுப்பது என்று எழுதிவைக்காத எந்த ரோடும் பாதி ரோடுதான்.

இப்போது உன்னிடம் வருகிறேன். சாவடி வைப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. பாரம் ஏற்றுகிறவன் பாரத்துக்குக் கொடுக்கட்டும், எடைபோட்டு வாங்கு. மாதத்துக்கு மொத்தமாகத் தருகிறேன் என்று காரில் வந்து இறங்குகிறவனுக்கு உன் நாற்காலியைக் காட்டாதே. சாலைக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வயலுமாக இருக்கிறவளிடம் வயலுக்குப் போகக் காசு கேட்டால், அவள் நிலத்தை நீ இரண்டு தடவை எடுத்துக்கொள்கிறாய். பழைய ரோட்டைக் குண்டும் குழியுமாக விட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் ஜனங்களை உன் ரோட்டுக்கு விரட்டினால் அதற்குப் பெயர் விருப்பப்பட்டு உபயோகிப்பது இல்லை. போட்ட பணம் திரும்பி வந்ததும் சாவடியை எடுத்துவிடுவோம் என்று அன்றைக்கு அப்பாவிடம் சொன்னாயே, எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று சாவடி வாசலிலேயே எல்லோரும் படிக்கிற எழுத்தில் எழுதிப்போட உன் கம்பெனிக்குத் தைரியம் இருக்கிறதா? பள்ளம் விழுந்த அன்று வசூலை நிறுத்துவீர்களா? கேட்டுப் பார். அந்தக் கேள்விக்கு உன்னை முறைத்தார்கள் என்றால் எங்கே வேலை செய்கிறாய் என்று உனக்கே புரிந்துவிடும்.

உன் முதல் சம்பளத்தில் எனக்குப் புடவை எதுவும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி ஜீப்பில் ஏறாமல், உங்கள் சாவடி வரப்போகிற இடத்துக்கு நடந்து போ. பக்கத்து ஊரில் யார் எதற்காக அந்த வழியாகப் போகிறார்கள் என்று நின்று கேள். அவர்கள் பாஷை தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொள். அவர்கள் சொன்னதை அப்படியே எனக்கு எழுது. வேலைக்குப் போகிற பிள்ளைக்கு எல்லாத் தாயும் முதலில் ஆசீர்வாதம் அனுப்புவாள். உனக்கு நான் முதலில் என் கோபத்தை அனுப்பியிருக்கிறேன். மற்றது உன் பதிலைப் படித்த பிறகு.

அம்மா